ஒரே பட்டத்தில் இலக்கியமும் இசையும்

பிளஸ் டூ மாணவர்களிடம் 'அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?' என்று கேட்கும்போது ஒரு பாடத்தின் பெயரைத்தான் பதிலாக எதிர்பார்க்கிறோம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆங்கில இலக்கியத்தையும் இசையையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். 'ஜாயின்ட் ஆனர்ஸ்' என்பார்கள். இங்கிலாந்தில் வழக்கமாக மூன்று ஆண்டு, ஸ்காட்லாந்தில் நான்கு.

நாம் பழகிய மேஜர், அலைடு முறை அல்ல இது. ஆண்டுக்கு 120 கிரெடிட். ஏறக்குறைய பாதி இலக்கியத் துறைக்கு, பாதி இசைத் துறைக்கு. இரண்டு துறைகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே பாடம் நடத்தும். இரண்டையும் கோப்பது மாணவர் வேலை. இறுதியாண்டு ஆய்வேட்டில்தான் அதற்கு நல்ல வாய்ப்பு.

எப்படிக் கோப்பது? எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று. வில்ஃபிரட் ஓவன், முதல் உலகப் போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, 25 வயதில் போர்க்களத்தில் இறந்த கவிஞர். அவருடைய ஒன்பது கவிதைகளை, இறந்தோருக்கான லத்தீன் வழிபாட்டு வரிகளோடு இணைத்து 'வார் ரெக்வியம்' என்ற படைப்பை உருவாக்கினார் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். கவென்ட்ரியில், குண்டுவீச்சில் சிதைந்த பேராலயத்தை ஒட்டி எழுந்த புதிய பேராலயத்தில் 1962-இல் அது அரங்கேறியது.

அதில் ஓரிடம். ஆபிரகாமுக்கும் அவர் சந்ததிக்கும் கடவுள் தந்த வாக்குறுதியைப் பாடகர் குழு துள்ளலோடு பாடுகிறது. அடுத்து ஓவனின் கவிதை. விவிலியத்தில் ஆபிரகாம் மகனைப் பலியிடாமல் விடுகிறார். ஓவனின் முதியவரோ தேவதூதர் தடுத்தும் கேளாமல் மகனைக் கொல்கிறார். ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதிப் பேரையும் கொல்கிறார். பிறகு அதே வாக்குறுதி திரும்ப வருகிறது. சொல் மாறவில்லை. மெட்டு மட்டும் தலைகீழாகிவிட்டது: முன்பு ஏறிய இடத்தில் இறங்குகிறது, குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்திருக்கிறது.

இலக்கியம் மட்டும் படித்தவருக்குக் கவிதையின் கசப்பு புரியும். இசை மட்டும் படித்தவர் மெட்டு கவிழ்ந்ததைக் குறித்துக்கொள்வார். அந்த வாக்குறுதியை இனிப் பழைய நம்பிக்கையோடு பாட முடியாது என்று இசை சொல்வதைப் பிடிக்க இரண்டும் வேண்டும்.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறாள். ஆங்கிலமும் நன்றாக வரும். "ரெண்டையும் படிக்க முடியாதா மிஸ்?" என்று கேட்டாள். இப்படி ஒரு படிப்பு உண்டு என்றேன். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் மிக அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. மேற்கத்திய இசைக்குறியீட்டைப் பார்த்து வாசிக்கத் தெரிந்திருப்பதை இசைத் துறைகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. அவளோ கேள்வி ஞானத்தில் வாசிப்பவள். எங்கள் பள்ளியில் அதைக் கற்றுத்தர ஆளில்லை. பக்கத்து ஊரில் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்யும் ஒருவரிடம் இப்போது சனிக்கிழமைதோறும் போகிறாள்.