இறால் தீவனத்தில் கட்டக்கோரை

இறாலுக்குத் தடுப்பூசி கிடையாது. மீனைப் போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் உடம்பல்ல அது. ரத்த அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும். 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். சிலர் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டிப் பார்த்தார்கள். வைரஸை அது என்ன செய்துவிடும்? மருந்து எச்சம்தான் பெரிய தலைவலியானது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறாலில் பாதிச் சரக்கைச் சோதிக்கத் தொடங்கியது. அதுவரை சோதித்தது 10 சதவீதம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுபவர்களுக்கு இது வயிற்றுப்பாடு.

அதனால்தான் மூலிகை மீது இவ்வளவு ஆர்வம். மதுரை லேடி டோக் கல்லூரியில் ஜிலேபி மீனுக்குத் துளசியும் தூதுவளையும் கொடுத்து ஆராய்ந்தார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் மையத்தைச் சேர்ந்த சித்தரசு குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு இறாலைப் பற்றியது. அருகம்புல், வில்வம், சீந்தில், கடுகுரோகணி, கரிசலாங்கண்ணி ஐந்தின் சாற்றையும் தீவனத்தில் சேர்த்துக் கொடுத்தபின் வெள்ளைப்புள்ளி வைரஸை ஊசியால் ஏற்றினார்கள். சாறு தின்னாத இறால்கள் ஒரே வாரத்தில் செத்து முடிந்தன. கிலோவுக்கு 800 மில்லிகிராம் கலந்த தீவனம் தின்றவற்றில் 74 சதவீதம் பிழைத்தன.

இந்தக் கணக்கைப் பாக்கெட்டில் அச்சடித்து விற்பது எளிது. ஆனால் அங்கே சேர்த்தது கொல்லைப் பச்சிலையை அரைத்த விழுது அல்ல, மெத்தனாலில் பிரித்தெடுத்த சாறு. ஆய்வகத் தொட்டி வேறு, தூத்துக்குடி மாவட்டத்து வேப்பலோடைக் குட்டை வேறு. இறால் லபக்கென்று விழுங்காது. பெல்லட்டைக் காலால் பிடித்து நிதானமாகக் கொறிக்கும். அதற்குள் மேலே பூசியதில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். முட்டை வெள்ளைக்கருவோ பைண்டர் என்ற ஒட்டுப்பொருளோ சேர்த்து நிழலில் உலர்த்துவது இதற்காகத்தான். ஆக்சிஜன் குறைந்து, அடிச்சேறு நாறும் குட்டையில் எந்த மூலிகையும் எடுபடாது என்பது என் கட்சி.

மன்னார் வளைகுடாக்காரர்களுக்கு இன்னொரு சரக்கும் உண்டு: கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசி. இதிலுள்ள ஃபுகாய்டான் என்ற சர்க்கரைப் பொருளைக் கண்டதும், கிருமிதான் நுழைந்துவிட்டதோ என்று இறாலின் ரத்த அணுக்கள் உஷாராகின்றன. கருவண்டு இறாலுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வெள்ளைப்புள்ளிச் சாவு குறைந்தது, நிற்கவில்லை.

கப்பாபைகஸ் என்ற இன்னொரு கடற்பாசியை மிதவை கட்டி வளர்க்கிறார்கள். கட்டக்கோரை இன்றுவரை பெரும்பாலும் கடலிலிருந்து பறிப்பதுதான். அதிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கும் ஆலைகள் ஏற்கெனவே வாங்குகின்றன. தீவனக் கம்பெனிகளும் கேட்டு வந்தால், மீன்குஞ்சு ஒதுங்கும் அந்தப் பாசிக்காட்டில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.