பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் ரிமோட் வால்யூம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதனை வீட்டில் உள்ள பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருடன் இணைத்துப் பாட்டு கேட்கின்றனர். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையில் இருந்து ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டுக்கு ஒரு கேபிள் போதும். ஆனால் போன் மணி அடித்தால் எழுந்து போய்த்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது பெரும் சிரமம். இதற்காக நல்ல ஆம்ப்ளிஃபயரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். ரிமோட் வசதியை நாமே சேர்க்கலாம்.

எங்கே சேர்ப்பது?

ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் இணைப்பு உள்ளது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். ஸ்பீக்கர் ஒயரில் சேர்ப்பதும் தவறு. அங்கு ஓடும் கரண்ட்டைத் தாங்காமல் சிறிய வால்யூம் கன்ட்ரோல் கருகிவிடும். கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டியாக வைப்பதே சரி. அந்தக் கேபிளில் வருவது சிறிய ஆடியோ சிக்னல் மட்டுமே.

என்னென்ன வேண்டும்?

மோட்டார் பொருத்திய 10 கே ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல், 38 கிலோ ஹெர்ட்ஸ் இன்ஃப்ரா ரெட் ரிசீவர், ஆர்டுயினோ போர்டு, டிஆர்வி8833 மோட்டார் டிரைவர், 5 வோல்ட் அடாப்டர், பழைய டிவிடி பிளேயர் ரிமோட் ஆகியவை தேவை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இத்தகைய பொருட்களுக்குப் பெயர் பெற்றது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் இருப்பவர்கள் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிச் செல்லலாம்.

வால்யூம் கன்ட்ரோலை "லாக்" வகையாகக் கேட்டு வாங்குங்கள். பவர் பத்து மடங்கு கூடினால்தான் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். சாதாரண "லீனியர்" வகை என்றால் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும்.

எப்படி இயங்குகிறது?

ரிமோட் பட்டனை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. ரிசீவர் இந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்து, பட்டனுக்கான கோடை ஆர்டுயினோவுக்குத் தருகிறது. ஐஆர்ரிமோட் என்ற இலவச லைப்ரரியில் உள்ள மாதிரி புரோகிராமை ஓட்டினால் எந்தப் பட்டனுக்கு எந்தக் கோடு என்று திரையில் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள்.

பல ரிமோட்கள் பின்பற்றும் என்இசி முறையில், பட்டனை அழுத்திப் பிடித்தால் சுமார் 110 மில்லி செகண்டுக்கு ஒருமுறை சிக்னல் வரும். எனவே 150 மில்லி செகண்டுக்குள் அடுத்த சிக்னல் வராவிட்டால் மோட்டார் நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள். மோட்டாரை ஆர்டுயினோவின் பின்னில் நேரடியாக இணைக்காதீர்கள். அந்தப் பின் அவ்வளவு கரண்ட்டைத் தாங்காது. டிரைவர் வழியாகவே இணைக்க வேண்டும். ரிசீவரின் மூன்று கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். டேட்டாஷீட்டைப் பார்த்த பிறகே சால்டர் செய்யுங்கள்.

இதே வேலைக்கு ஐசி-களும் உண்டு. பிஜிஏ2311 அரை டெசிபல் படிகளில் சத்தத்தை மாற்றும். ஆனால் கரண்ட் போனால் பழைய அளவை மறந்துவிடும். அதை நினைவில் வைக்கத் தனியாகப் புரோகிராம் எழுத வேண்டும். மோட்டார் குமிழோ நின்ற இடத்திலேயே நிற்கும். ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் கையால் திருப்பலாம்.

மறக்கக் கூடாத செட்டிங்

முதலில் ஆம்ப்ளிஃபயர் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலும் புதிய பெட்டியிலும் வால்யூமை முழுமையாக வையுங்கள். பாட்டை ஓடவிட்டு, உங்கள் வீட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு சத்தம் போதுமோ அதுவரை மட்டும் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருப்புங்கள். பிறகு அதைத் தொடவே வேண்டாம். இனி குழந்தைகள் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் அந்த அளவைத் தாண்டாது. ஸ்பீக்கரும் காதும் தப்பிக்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? அதன் முனையை மொபைல் கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஒளி மின்னினால் ரிமோட் நலம். சில மொபைல்களில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள். ஒளி தெரிந்தும் வேலை செய்யவில்லை என்றால் ரிசீவர் மீது வெயில் நேரடியாக விழுகிறதா என்று பார்த்து, பெட்டியை இடம் மாற்றி வையுங்கள்.