நினைப்பும் உழைப்பும் சேரும்போது

பக்கவாதத்தில் கை விழுந்துபோனவரிடம், "டம்ளரை எட்டி எடுப்பதாக மனதில் நினைத்துப் பாருங்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால், பயிற்சி கேட்டு வந்த இடத்தில் கற்பனையா என்று வீட்டார் முகம் சுளிக்கலாம். ஆனால் பக்கவாதத்தில் முதலில் பழுதாவது கையின் தசை அல்ல. அதற்குக் கட்டளை அனுப்பும் மூளை. தப்பிய நரம்புகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். சோர்ந்த கையோ சில தடவைகளிலேயே ஓய்ந்துவிடும். ஓர் அசைவை ஊன்றி நினைக்கும்போதும் அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் இயங்குகின்றன. ஆகவே, கை ஓய்ந்த பிறகும் பயிற்சியைத் தொடர மனப்பயிற்சி வழிவிடுகிறது.

2007-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழுவினர், பக்கவாதம் வந்து சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேலான 32 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஆறு வாரங்கள், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரக் கைப்பயிற்சி எல்லோருக்கும் பொது. அதன்பின் ஒரு குழு, ஒலிப்பதிவைக் கேட்டபடி, கோப்பையைப் பிடிப்பது, புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போன்ற பழகிய செயல்களையே மனதுக்குள் செய்து பார்த்தது. மற்றக் குழுவுக்கு அதே நேரம் உடலைத் தளர்த்தும் பயிற்சி. 57 மதிப்பெண்ணுக்கான கைத்திறன் சோதனையில் முதல் குழு சராசரியாக ஏறக்குறைய 8 மதிப்பெண் முன்னேறியது. மற்றது அரை மதிப்பெண்கூட ஏறவில்லை. கூடுதல் கவனிப்பால்தான் தேறினார்கள் என்ற வாதம் இங்கே எடுபடாது. கவனிப்பு இரு குழுவுக்கும் கிடைத்தது.

32 பேரை வைத்து முடிவுகட்டலாமா என்பது நியாயமான கேள்வி. 2011-ல் பிரிட்டனில் 121 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மனப்பயிற்சியால் பலன் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே மனப்பயிற்சி, உடற்பயிற்சியோடு பின்னப்படாமல் தனியே தரப்பட்டது. 25 ஆய்வுகளை, 676 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வோ, மற்றச் சிகிச்சையோடு சேர்த்தால் கையின் செயல்பாடு மேம்படுகிறது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம், வெறும் நினைப்பு போதாது என்பதே. எல்லோருக்கும் இது கைவராது: மூளையின் பக்கவாட்டு மேல்பகுதி பாதித்தவர்களுக்கு அசைவைக் கற்பனை செய்வதே கடினம், பேச்சைப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு ஒலிப்பதிவு உதவாது. மற்றவர்கள், அன்று கையால் பழகிய அதே செயலை, பயிற்சி முடிந்த கையோடு, கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டி பிசியோதெரபியை ஒருநாளும் குறைக்கக் கூடாது.