டயாலிசிஸ் குழாயும் சுருங்கும் சிரைகளும்

சிறுநீரகம் செயலிழந்து, மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் கழுத்தில் குழாய் போட வேண்டியிருக்கும். உயிரைக் காப்பது அந்தக் குழாய்தான். ஆனால் அதை எடுத்துப் பல மாதங்கள் ஆன பிறகும், அது இருந்த பெரிய சிரை சுருங்கி, டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவுக்கே ஆபத்தாக முடியலாம். முன்கூட்டியே திட்டமிட்டால் பலருக்கு இதைத் தவிர்க்க முடியும்.

ஏன் சுருங்குகிறது?

சிரையின் உட்சுவர் மிக மெல்லிய படலம். ஒவ்வொரு மூச்சிலும் இதயத்துடிப்பிலும் குழாய் அசைந்து அதில் உரசுகிறது. உரசிய இடத்தில் ரத்தம் உறைகிறது. காயம் ஆறும்போது தசைச் செல்கள் பெருகிச் சுவர் தடிக்கிறது. ரத்தம் போகும் பாதை குறுகுகிறது. குழாய் நீண்ட நாள் இருந்தாலோ, திரும்பத் திரும்பப் போடப்பட்டாலோ ஆபத்து கூடும்.

எங்கே போடுகிறார்கள் என்பதும் முக்கியம். வலது கழுத்துச் சிரையிலிருந்து இதயத்துக்கு வழி ஏறக்குறைய நேரானது. இடப்பக்கம் வளைவுகள் அதிகம் என்பதால் குழாய் சுவரில் அழுந்தும். காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையில் போட்டால் சுருக்கம் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு காலத்தில் வழக்கமாக இருந்த அந்த இடத்தை மருத்துவர்கள் இப்போது கூடுமானவரை தவிர்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

சுருக்கம் இருந்தும் பலருக்கு எதுவும் தெரியாது. ஃபிஸ்டுலா செய்த பிறகுதான் தெரியவரும். நன்றாக வேலை செய்யும் ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாயும். மேலே வழி குறுகியிருந்தால் அது கையிலேயே தேங்கும்.

• ஃபிஸ்டுலா உள்ள கை மட்டும் வீங்குதல். வளையலோ மோதிரமோ இறுகுதல்
• தோளிலும் மார்பிலும் நீல நரம்புகள் புடைத்துத் தெரிதல்
• டயாலிசிஸின்போது இயந்திரத்தில் சிரை அழுத்தம் தொடர்ந்து கூடுதலாகக் காட்டுதல்
• ஊசியை எடுத்த பிறகு வழக்கத்தைவிட நெடுநேரம் ரத்தம் கசிதல்
• முகமும் கழுத்தும் வீங்குதல்

கை வீங்கினால், “தண்ணீர் அதிகம் குடித்துவிட்டேன் போல” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உடம்பில் நீர் கூடினால் பெரும்பாலும் இரண்டு கால்களும் வீங்கும். ஒரு கை மட்டும் வீங்கினால் சிரையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

டாப்ளர் ஸ்கேன் முதல் தகவலைத் தரும். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள சிரைகள் அதில் சரியாகத் தெரியாது. அங்கே சாய மருந்து செலுத்தி எடுக்கும் வெனோகிராம் படம்தான் உறுதி செய்யும். சுருங்கிய இடத்தைப் பலூன் வைத்து விரிப்பதே முதல் சிகிச்சை. சில மாதங்களில் மீண்டும் சுருங்குவது சகஜம். அப்போது மறுபடி பலூன் வைப்பார்கள். தேவையானால் ஸ்டென்ட் பொருத்துவார்கள். தொந்தரவு எதுவும் தராத சுருக்கத்தைப் பொதுவாக விட்டுவிடுவதே நல்லது. விரித்தால் வேகமாகச் சுருங்கக்கூடும். எதற்கும் கட்டுப்படாத வீக்கத்துக்குக் கடைசியாக ஃபிஸ்டுலாவையே மூட நேரிடும்.

தடுக்க என்ன செய்யலாம்?

• ஃபிஸ்டுலா முதிர ஒன்றரை முதல் மூன்று மாதம் ஆகலாம். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனால் டயாலிசிஸ் தேவைப்படும் நாள்வரை காத்திருக்காமல் முன்பே ஃபிஸ்டுலா பற்றிப் பேசுங்கள்.
• சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததும் இரு கைகளின் நரம்புகளையும் காப்பாற்றுங்கள். ரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் போடவும் புறங்கை நரம்பைக் கேளுங்கள். கை வழியாக மார்புவரை செலுத்தும் நீண்ட குழாயை, வேறு வழி இருந்தால் தவிர்க்கச் சொல்லுங்கள்.
• கழுத்தில் போடும் தற்காலிகக் குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கூடுதல் நாள் தேவையென்றால் தோலுக்கடியில் செலுத்தும் பெர்ம்கேத் பொருத்துவார்கள்.
• ஃபிஸ்டுலாவில் ஊசி போட்டு டயாலிசிஸ் சீராக நடக்கத் தொடங்கியதும், குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். “இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்” என்று விட்டுவைக்க வேண்டாம்.

டயாலிசிஸ் பல ஆண்டுகள் தொடர வேண்டிய சிகிச்சை. அதற்குப் பயன்படும் சிரைகளோ சிலவே. அவற்றைக் காக்கும் பொறுப்பு மருத்துவருக்கும் செவிலியருக்கும் உண்டு. கையை நீட்டும் முன் கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு.