நிறைமாதக் குதிரைக்குச் சந்தையில் என்ன வேலை?

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் குதிரைகளுக்கும் இடம் உண்டு. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையைத் தவறவிட்டவர்களுக்குக் கார்த்திகையில் இது இன்னொரு வாய்ப்பு. கத்தியவாரும் மார்வாரியும் நாட்டுக் குதிரையும் கைமாறும் இத்தகைய சந்தைகளில், குட்டியோடு நிற்கும் தாய்க்கும் வயிறு இறங்கிய சினைக்கும் விலை கூடும் என்பது விற்பவர் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஈனும் காலத்துக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து, குட்டி பால் மறக்கும்வரை, தாயையும் குட்டியையும் அவை பழகிய லாயத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். மார்கழியில் சேர்த்த குதிரை அடுத்த கார்த்திகையில் ஈனும். ஆகவே தீபச் சந்தையும் ஈற்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது அரிதான தற்செயல் அல்ல.

தமிழ் மண்ணில் குதிரைக் குட்டி தேறாது என்ற பேச்சுக்கு எழுநூறு ஆண்டு வயது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று எழுதினார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கின. அவற்றுக்காகப் பாண்டியர் கருவூலம் கரைந்தது. ஆனால் அதே மார்கோ போலோ இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. விற்கும் வணிகர்களே அவர்களை வரவிடுவதில்லை, குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குத் தீனியாகப் போடுகிறார்கள் என்பது இரண்டாவது. புல் தின்னும் பிராணிக்குக் கறிச்சோறு! இவ்வளவையும் எழுதிவிட்டுப் பழியை மண்ணின் மேல் போட்டது அவருடைய பிழை. நம்முடைய பிழை, அதை இன்றும் நம்புவது. திப்பு சுல்தான் காலத்திலிருந்து பேர்போன குனிகல் குதிரைப் பண்ணை பெங்களூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது குளிர்ந்த மேட்டுநிலம், திருவண்ணாமலை வெயில் வேறு என்று யாரேனும் சொல்லலாம். சந்தைக்கு வரும் குதிரை இனங்கள் பிறந்த மார்வாரும் கத்தியவாரும் நம்மூரைவிடக் குளிர்ந்த இடங்களா என்ன? குட்டியின் பிழைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிறப்பை ஒட்டிய சில வாரங்களில் அதற்குக் கிடைக்கும் கவனிப்பு.

ஏன் அந்தச் சில வாரங்கள்? மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களை ஓரளவு பெற்றுக்கொள்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடுவதில்லை. குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்கான பாதுகாப்பு முழுக்கச் சீம்பாலில் இருக்கிறது. அதையும் குட்டியின் குடல் சில மணி நேரம்தான் அப்படியே உறிஞ்சும். முதல் ஆறேழு மணி நேரம் பொன்னானது, பன்னிரண்டு மணி நேரத்தில் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும், ஒரு நாளில் நின்றுவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சீம்பாலில் எந்தக் கிருமிக்கான எதிர்ப்பு இருக்கும் என்பது, தாய் எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. தான் வாழும் லாயத்துக் கிருமிகளுக்கு எதிராகத் தாயின் உடல் தயாராக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் ஈனப்போகும் இடத்துக்கு அதை ஒரு மாதம் முன்பே கொண்டுவந்து விடச் சொல்கிறார்கள். ரணஜன்னித் தடுப்பூசியையும் அதே கணக்கில் போடச் சொல்கிறார்கள். நிறைமாதத்தில் டெம்போவில் ஏற்றி, பல மாவட்டத்துக் குதிரைகள் அடுத்தடுத்து நிற்கும் மைதானத்தில், வடகிழக்குப் பருவமழைச் சேற்றில் நிறுத்தினால் இந்த ஏற்பாடு முழுதும் வீண். அதற்கு மேல், குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் உடலுக்குள் ஒடுங்கிக் கிடந்து, பயணக் களைப்பில் கிளம்பிக் கடைசி மாதங்களில் கருவைக் கலைக்கக் கூடியது.

ஈற்றும் பெரும்பாலும் இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் நடக்கிறது. சுற்றிலும் சத்தமும் வெளிச்சமும் இருந்தால் குதிரை ஈற்றைத் தள்ளிப்போடப் பார்க்கும். லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் ஊரில் தீப நாளன்று அமைதிக்கு எங்கே போவது? இங்கே மாடு வளர்த்துப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பசுவின் ஈற்று மணிக்கணக்கில் இழுக்கலாம். நஞ்சு விழ அரை நாள்கூடக் காத்திருப்பார்கள். குதிரையிடம் அந்தப் பொறுமை ஆபத்து. பனிக்குடம் உடைந்தபின் இருபது முப்பது நிமிடத்தில் குட்டி வெளியே வந்தாக வேண்டும், வராவிட்டால் மருத்துவரை அழைக்க யோசிக்கவே கூடாது. வெண்மையான சவ்வுக்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால் நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே இருப்பவர் உடனே அதைக் கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சு விழ வேண்டும். நஞ்சு தங்கினால் கருப்பையில் சீழ்பிடித்து, குளம்பு வீங்கி, தாயே முடமாகலாம். தொப்புளை அயோடின் கரைசலில் நனைப்பதும், முதல் கருஞ்சாணம் போயிற்றா என்று பார்ப்பதும் சின்ன வேலைகள்தான். பிறந்த ஏழெட்டு நாளில் குட்டிக்குக் கொஞ்சம் கழிந்தால் பதற வேண்டாம், பல குட்டிகளுக்கு அது தானே சரியாகும். பால் குடிப்பதை நிறுத்தினால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

தாத்தன் காலத்தில் லாயத்தில் தானாக ஈனவில்லையா என்று கேட்பார்கள். ஈன்றதுதான், பெரும்பாலான ஈற்றுகளுக்கு மனிதக் கை தேவையே இல்லை. கைவைக்காமல் தள்ளி நின்று, கடிகாரத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்குக் காசு செலவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் விலை பற்றியது. சிறு வளர்ப்பாளருக்கு ஆண்டில் ஒரு சந்தைதான் வருமானம், சினையைக் கண்ணால் காட்டாமல் யார் நம்பி வாங்குவார் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சேர்த்த பதினைந்து இருபது நாளிலேயே ஸ்கேனில் சினை தெரிந்துவிடும். மருத்துவர் தரும் சான்றோடு நாலைந்து மாதச் சினையை விற்றால் விற்பவருக்கு விலையும் குறையாது, வாங்குபவருக்குத் தன் லாயத்திலேயே அதை ஈனவைக்கப் போதிய காலமும் கிடைக்கும். நிறைமாதத்தில் வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது ஒரு சூதாட்டத்துக்கு. குட்டியைக் காட்டித்தான் தாயை விற்க வேண்டும் என்றால், பால் மறக்கும் ஐந்தாறு மாதம் கழித்து இரண்டையும் கொண்டுவரலாம். அந்தியூர் சந்தை அதற்குத்தானே இருக்கிறது.

குதிரைகளை வண்டியில் ஏற்றும் முன் பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் ஏற்கெனவே உள்ளது. புதிய சட்டம் தேவையில்லை. சந்தை நுழைவாயிலில் அந்தச் சான்றைக் கேட்டு, பத்து மாதம் கடந்த சினையையும் பால்குடிக் குட்டியையும் திருப்பி அனுப்பினால் போதும். 2012-இல் நாட்டில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன; இனி ஒரு குட்டியையும் வீணாக இழக்கலாகாது. வீட்டில் சினைக் குதிரை வைத்திருப்பவர்கள், சேர்த்த தேதியை லாயத்துச் சுவரில் இன்றே எழுதி வையுங்கள்; பக்கத்தில் கால்நடை மருத்துவரின் எண்ணையும், நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962-ஐயும் எழுதுங்கள்.