பம்பு செட் எர்த்தும் மின் இரைச்சலும்

அமராவதி அணை நீரோடு கிணற்று நீரையும் நம்பியுள்ள அமராவதி நகர், உடுமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் செல்போன் ஸ்டார்ட்டர், நீர்மட்ட சென்சார், தானியங்கி வால்வு ஆகியவை பயன்பாட்டுக்கு வந்துள்ளன. மோட்டார் ஓடத் தொடங்கியதும் சென்சார் தவறான அளவு காட்டுவதும், வால்வு தானே மூடிக்கொள்வதும் உண்டு. "எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் கூறுவர். இது உயிருக்கே உலை வைக்கும் யோசனை. மோட்டார் கூட்டில் மின்கசிவு ஏற்பட்டால், ஈரத் தரையில் நின்று தொடுபவரைக் காப்பது எர்த் கம்பியே.

இரைச்சல் வருவது எப்படி?

மோட்டாரை நேரடியாக இயக்கும்போது, வழக்கமான அளவைப் போல் சுமார் 6 மடங்கு மின்சாரம் பாயும். ஸ்டார்ட்டர் காயில் விடுபடும் நேரத்தில் மின்னழுத்தம் திடீரென எகிறும். சூரிய சக்தி பம்பின் டிரைவ், நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருகிறது. இவற்றால் எழும் அலைகள் அருகிலுள்ள சென்சார் கம்பியில் தொற்றிக்கொள்ளும். மோட்டார் போட்டவுடன் ரேடியோ கரகரப்பதும் இதனால்தான். பல சென்சார்கள் தருவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான சிறு மின்சாரமே. எனவே அவை எளிதில் பாதிக்கப்படுகின்றன.

செய்ய வேண்டியவை

1. மோட்டார் கூட்டிலிருந்து இரண்டு தனித்தனி எர்த் கம்பிகளை இறக்குங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை கூடும். எர்த் குழிக்குத் தவறாமல் நீர் ஊற்றுங்கள்.

2. சென்சார் கம்பியையும் மோட்டார் கேபிளையும் ஒரே குழாயில் விடாதீர்கள். ஓரடியாவது இடைவெளி வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள்.

3. முறுக்கிய இரட்டைக் கம்பியும் மேலே உலோக உறையும் உள்ள கேபிளை வாங்குங்கள். உறையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த்தில் இணையுங்கள். கிணற்றிலும் பெட்டியிலும் இணைத்தால், இரு இடத்து மண்ணுக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டால் உறையிலேயே மின்சாரம் ஓடி இரைச்சலைப் பெருக்கும்.

4. மின்னணுப் பெட்டிக்குத் தனி எர்த் குழி எடுத்து அப்படியே விட்டுவிடக் கூடாது. அதை மோட்டார் எர்த்துடன் இணைக்க வேண்டும். இல்லையேல் மின்னல் காலத்தில் இரண்டுக்கும் இடையே பெரும் மின்னழுத்தம் உண்டாகிக் கருவி கருகும்.

5. ஸ்டார்ட்டர் காயிலின் குறுக்கே, அதற்கேற்ற ரெசிஸ்டர், கண்டன்சர் சேர்ந்த தணிப்பானைப் பொருத்தச் செய்யுங்கள்.

இவ்வேலைகளை மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்வது நலம். இரைச்சலைத் தடுக்க வழிகள் பல உண்டு. எர்த்தைக் கழற்றுவது அவற்றுள் ஒன்றல்ல.