விடுதலை பெற்றவர்கள் கட்டிய நகரம்

கிரேக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஏதென்ஸ் குன்றின் மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலும், சாண்டோரினித் தீவின் வெள்ளை வீடுகளும்தான். இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில், பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் ஓரத்தில், மெசீனியா என்றொரு பகுதி இருக்கிறது. கடற்கரை, அரண்மனை இடிபாடு, கோட்டை, மலைக் கிராமம் எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கிரேக்க வரலாற்றை மன்னர்கள், தளபதிகள், தத்துவ ஞானிகள் வழியாக மட்டுமே படித்தவர்கள், உழைத்த மக்களின் பக்கத்தைப் பார்க்க மெசீனியாவுக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

ஏதென்ஸிலிருந்து மெசீனியாவின் தலைநகரமான கலமாட்டாவுக்குச் சுமார் 240 கிலோமீட்டர். நல்ல நெடுஞ்சாலை. வழியில், 1893இல் திறக்கப்பட்ட கொரிந்த் கால்வாயைக் கடந்துதான் தீபகற்பத்துக்குள் நுழைய வேண்டும். மலைகளைத் தாண்டி இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை ஆலிவ் தோப்புகள். கலமாட்டா என்ற பெயரை ஊறவைத்த கருநிற ஆலிவ் காய் உலகமெங்கும் கொண்டுபோயிருக்கிறது. எண்ணெய்க்கு உகந்தது வேறு ரகம். தெற்கே கொரோனி என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய கொரோனெய்கி. காய் மிகச் சிறியது. ஆனால் கிரேக்க ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் போனால் மரத்தடியில் வலை விரித்துக் காய் உதிர்க்கும் குடும்பங்களைத் தோப்புக்குத் தோப்பு பார்க்கலாம்.

மேற்குக் கரையில், பீலோஸ் ஊருக்கு வடக்கே ஒரு மேட்டில் 'நெஸ்டர் அரண்மனை' இருக்கிறது. ஹோமர் பாடிய முதிய மன்னன் நெஸ்டரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நவீனக் கூரையின் கீழே, உயரத்தில் அமைத்த நடைபாதையில் நின்றபடி முழு அரண்மனையையும் பார்க்கலாம். அரியணை மண்டபத்தின் நடுவில் நான்கு மீட்டர் அகல வட்ட அடுப்பு. ஓர் அறையில் சுட்ட மண்ணால் செய்த குளியல் தொட்டி. கிடங்குகளில் எண்ணெய்ச் சாடிகள்.

அமெரிக்கத் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் 1939இல் இங்கே தோண்டத் தொடங்கினார். முதல் நாள் வெட்டிய குழியிலேயே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் அகப்பட்டன. குழி விழுந்த இடம் அரண்மனையின் கணக்கு அறை! மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. அவை சுடாத மண்ணில் எழுதப்பட்டவை. நெடுநாள் நிலைக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது, அந்தச் சூட்டில் வெந்து கெட்டிப்பட்டுப் பிழைத்துக்கொண்டன.

லீனியர் பி எனப்படும் அந்த எழுத்தை 1952இல் வாசித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். அதிலுள்ள மொழி கிரேக்கம்தான் என்று அவர் சொன்னபோது பல அறிஞர்கள் நம்பவில்லை. சந்தேகத்தைத் தீர்த்ததும் பீலோஸ்தான். உலகப்போரால் நின்றிருந்த அகழாய்வு மீண்டும் தொடங்கியபோது கிடைத்த ஒரு பலகையில், பாத்திரங்களின் பட்டியலும் பக்கத்திலேயே அவற்றின் படங்களும் இருந்தன. வென்ட்ரிஸ் முறைப்படி வாசித்தால் 'நான்கு பிடி' என்று வரும் இடத்தில் நான்கு பிடியுள்ள சாடி. 'மூன்று பிடி' என்று வரும் இடத்தில் மூன்று. 'பிடியற்றது' என்ற இடத்தில் பிடியில்லாத சாடி. அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமேது?

அந்தப் பலகைகளில் காவியம் இல்லை, மன்னன் புகழும் இல்லை. வாசனை எண்ணெய், வெண்கலம், ஆடு, கடலோரக் காவலர்கள் என்று எல்லாம் கணக்கு. என்னை மிகவும் உலுக்குபவை பெண்களைப் பற்றிய பட்டியல்கள். நெசவு செய்பவர்கள், தானியம் அரைப்பவர்கள், குளிக்க நீர் ஊற்றுபவர்கள்: இத்தனை பெண்கள், இத்தனை சிறுமிகள், இத்தனை சிறுவர்கள், இவர்களுக்கு இவ்வளவு கோதுமை, இவ்வளவு அத்திப்பழம். சில குழுக்களின் பெயரே மிலேட்டஸ், லெம்னோஸ் என்று ஏஜியன் கடலின் மறுகரையையும் தீவுகளையும் காட்டுகிறது. எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. 2015இல் இதே அரண்மனைக்கு அருகே ஒரு வீரனின் கல்லறை திறக்கப்பட்டது. தங்க மோதிரங்களும், 3.6 சென்டிமீட்டர் அகலக் கல்லில் போர்க்காட்சி செதுக்கிய முத்திரையும் கிடைத்து உலகச் செய்தியாயின. அந்த முத்திரையின் வேலைப்பாடு அபாரம்தான். எனக்கு அத்திப்பழக் கணக்குதான் பெரிது.

அங்கிருந்து கடலுக்கு இறங்கினால் வொய்தொகிலியா. மணல் வளைந்து வளைந்து ஏறக்குறைய முழு வட்டமாகவே ஆகிவிட்ட விரிகுடா. கிரேக்கத்தின் மிக அழகான கடற்கரை இதுதான் என்பது என் தீர்ப்பு. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் ஓட்டல் கட்டடங்கள் நெருங்கவில்லை. மணல் மேடுகளுக்குப் பின்னால் கியாலோவா காயல். இடம்பெயரும் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம்; ஆப்பிரிக்கப் பச்சோந்திகூட இங்கே வாழ்கிறது. சற்றே மலையேறத் தயாரானவர்கள் மேலேயுள்ள பழைய கோட்டை வரை போய்விடுங்கள். விரிகுடாவின் முழு வடிவம் அங்கிருந்துதான் தெரியும்.

தெற்கே, நவரினோ விரிகுடாவின் வாயை அடைத்தாற்போல் ஸ்பாக்டீரியா தீவு. கி.மு. 425இல் ஏதென்ஸ் படை இங்கே ஸ்பார்ட்டா வீரர்களைச் சுற்றி வளைத்தது. பட்டினி கிடந்த வீரர்களுக்கு உணவு கொண்டுபோனவர்கள் ஹெலட்டுகள். இந்த மெசீனிய மண்ணின் மக்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். தங்கள் நிலத்திலேயே ஸ்பார்ட்டாவுக்கு அடிமைகளாக உழுதவர்கள். உணவு சேர்த்தால் விடுதலை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தேன் கலந்த கசகசாவைத் தோல் பைகளில் கட்டி இழுத்துக்கொண்டு, கடலுக்கடியில் நீந்திப் போனார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அதே ஆசிரியர் இன்னொன்றும் சொல்கிறார். போரில் சிறந்து உழைத்த ஹெலட்டுகள் முன்வரலாம் என்று ஒருமுறை ஸ்பார்ட்டா அறிவித்தது. சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றிவர வைத்தது. பிறகு அத்தனை பேரையும் ஒழித்துக்கட்டியது. ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்பது வெளியே தெரியவே இல்லை. ஸ்பார்ட்டாவின் வீரத்தைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டியவர்கள் இதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் இத்தோமி மலையடிவாரத்திலுள்ள பழைய மெசீனிக்குப் போக வேண்டும். கி.மு. 371இல் லெவ்க்ட்ரா போரில் தீப்ஸ் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. வென்ற தளபதி எபாமினோண்டாஸ் அதோடு நிற்காமல், கி.மு. 369இல் மெசீனியர்களை விடுவித்து அவர்களுக்கென்று ஒரு நகரத்தை நிறுவினார். தலைமுறைகளுக்கு முன் சிசிலி, இத்தாலி, லிபியா என்று சிதறிப் போயிருந்தவர்களின் சந்ததிகளும் திரும்பி வந்தார்கள். அவர்கள் எழுப்பிய மதில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளம். ஆர்க்காடிய வாசலில் இரண்டு வாயில்கள், நடுவே வட்ட முற்றம். முதல் வாயிலை உடைத்து வருபவன் முற்றத்தில் அகப்பட்டுக்கொள்வான். கல்லோடு கல் சாந்தில்லாமல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. மறுபடி ஒருபோதும் அடிமையாவதில்லை என்று முடிவெடுத்தவர்களின் வேலை அது. இன்றைய ஊர்ச் சாலை அந்த வாசலுக்குள்ளேயே போகிறது.

உள்ளே ஆடுகளம், நாடக அரங்கம், மருத்துவக் கடவுள் அஸ்க்லெபியோஸின் கோயில். தொல்லியலாளர் பெத்ரோஸ் தெமெலிஸ் 1986இல் பொறுப்பேற்று, 2023இல் மறையும்வரை இந்த நகரத்தை மண்ணிலிருந்து மீட்டார். அரங்கத்தில் இப்போது மீண்டும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மேலேயுள்ள மவ்ரோமாட்டி கிராமத்தின் ஊற்றுதான் பழைய நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது. ஊற்று இன்றும் ஓடுகிறது. ஒலிம்பியா அளவுக்குக் கூட்டமும் இல்லை, நிதானமாக நடக்கலாம்.

மெத்தோனியில் கடலுக்குள் நீளும் வெனிஸ் கோட்டையையும், மானி பக்கம் கர்தாமிலியின் கல் கோபுர வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். பீலோஸ் சதுக்கத்தில் மூன்று கடற்படைத் தளபதிகளின் நினைவுத்தூண் நிற்கிறது. 1827 அக்டோபர் 20இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யக் கப்பல்கள் இதே விரிகுடாவில் துருக்கிய, எகிப்தியக் கடற்படையை ஒரே பிற்பகலில் அழித்தன. நவீன கிரேக்கத்தின் விடுதலைக்கு வழி திறந்தது அந்தப் போர்.

மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் இடிபாடுகளுக்குள் நடப்பது கடினம். பேருந்து உண்டு என்றாலும் கிராமங்களைச் சுற்ற வாடகைக் கார்தான் சரி. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பீலோஸ் பலகைகள் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு மெசீனியாவுக்குப் புறப்படுங்கள்.